அக்காவுக்கு அனுப்பிய நீலம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் கால் கட்டைவிரல் எப்படி இருக்கிறது என்பதை முதலில் எழுது, மற்ற சமாசாரம் எல்லாம் பிறகு.

உன் மனைவி எழுதிய கடிதம் நேற்றுதான் கிடைத்தது. கடல் தாண்டி வரப் பத்து நாள் ஆகிறது. ஏணியில் இடித்த காயம் இரண்டு மாதமாக ஆறாமல் இருந்தும் உனக்கு உறைக்கவில்லையா? டாக்டர் சர்க்கரை என்று சொன்னதற்கு, "மாத்திரை குடுங்க, கடை தொறக்கணும்" என்றாயாம். அப்பா இதே சர்க்கரையில் போனபோது உனக்கு ஏழு வயது. உனக்கு அந்த ஆஸ்பத்திரி நாற்றம் நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. அதனால்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

என்னோடு லேபில் வேலை பார்க்கும் பெண் விடுமுறையில் உன் பக்கம் வருகிறாள். அவளிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு பாட்டில் நீலக் கரைசல், கண்ணாடிக் குழாய் ஆறு, இடுக்கி, சொட்டுக்குழாய் இருக்கும். குழாயில் ஒரு டீஸ்பூன் கரைசலை ஊற்றி, உன் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சு. ஒன்பது வேண்டாம், எட்டு. ஆறிய பிறகு பார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறம் வந்தால் ஏராளம்.

இது ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீரகம் வீணாக்காது, திரும்ப எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் போனால் அதனால் முடியாது, அணை நிரம்பினால் வழிகிற மாதிரி வெளியே விட்டுவிடும். நாம் பார்ப்பது வழிகிற தண்ணீரை.

மாதம் ஒரு தடவையாவது பார்த்து எழுது. உன் மனைவிக்கு என் அன்பு.

அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நண்டு எழுதுவது. இங்கே இருவரும் சௌக்கியம். விரல் தேவலாம். உன் மூட்டுவலி எப்படி?

பெட்டி வந்தது. "அந்தக் குழாய் என் அடுப்படிப் பக்கம் வந்துது, அப்பறம் நீங்களே சமைச்சுக்கணும்" என்று வீட்டில் உத்தரவு. ஆகவே பரிசோதனைச் சாலை பெயின்ட் கடையின் பின்னறைக்குப் போய்விட்டது. ஸ்பிரிட் விளக்கு வாங்கினேன். எட்டுச் சொட்டு. காய்ச்சினதும் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கண்ணை மூடித் திறப்பதற்குள் செங்கல்.

செங்கல் என்றுதான் நீ எழுதியிருந்தாய். அக்கா, செங்கலில் மட்டும் எங்கள் கடை நிற அட்டையில் பதினாலு வகை இருக்கிறது. "பச்சை அடிங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற கஸ்டமரும் நீயும் ஒன்றுதான். இருபத்திரண்டு வருஷமாக நிறம் கலக்குகிறேன், வாயால் சொன்ன நிறத்தை நான் நம்புவதில்லை. அதனால் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, வெள்ளையில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டு அதே நிறத்தைக் கலந்து, காகிதத்தில் பூசி இதோடு வைத்திருக்கிறேன். குழாயைப் பக்கத்தில் வைத்தால் உனக்கே வித்தியாசம் தெரியாது.

கடைப் பதிவேட்டிலும் உன்னை ஏற்றிவிட்டேன். கலக்குகிற ஒவ்வொரு நிறத்துக்கும் தேதி, சாயம் எத்தனை சொட்டு, கஸ்டமர் யார் என்று எழுதி வைப்போம். கடைசிக் கட்டம் ‘கஸ்டமர் சொன்னது’. உனக்கு முன்னால் வந்தவர், "வீட்டுக்காரிக்குப் பிடிக்கல" என்று சொல்லியிருக்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி நண்டு

பிப்ரவரி 14

அன்புள்ள நண்டுவுக்கு,

என் மூட்டு என்னோடு சண்டை போட்டுக்கொண்டே நன்றாக இருக்கிறது.

கஸ்டமர் சொல்வது: எனக்கும் பிடிக்கவில்லை. இந்த நிறத்தை மாற்று. டீயில் சர்க்கரை கூடாது. கடைக்குப் பக்கத்தில் பேக்கரி இருப்பது எனக்குத் தெரியும், எதிர்ப்பக்கமாக நட. மாத்திரையை வேளை தவறாமல் போடு. வாயைக் கட்டினால் நிறம் மாறும்.

உன் காகிதத்தை லேபுக்குக் கொண்டுபோய், அதே நிறத்துக்கு வந்த ஒரு குழாயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எது குழாய் எது காகிதம் என்று தெரியவில்லை. எங்கள் பெரிய டாக்டர்கூடக் கையில் வாங்கிப் பார்த்தார். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் ஆசிரியருடைய சிவப்பு மையையே கலந்து நாற்பதை எழுபதாக்கின கை அல்லவா! நானும் நம்பிக் கையெழுத்துப் போட்டேனே.

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தேன். உன் அத்தான் போன பிறகு இந்த நாலு வருஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். இந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு காலண்டர். காலண்டருக்குப் பக்கத்தில் உன் செங்கலை ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே நீலம் வருகிற வரைக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

அக்கா

மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நாலு மாதமாக எழுதவில்லை என்று திட்டாதே. கடையில் சீசன். ஊரில் பாதிப் பேர் வீட்டுக்கு வெள்ளை அடிக்க நினைக்கிறார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டு நிறம் அடிக்க நினைக்கிறார்கள். ஆனால் ஒரு மாதமும் தவறவிடவில்லை. நாலு காகிதம் இருக்கிறது, பின்னால் மாதம் எழுதியிருக்கிறேன். பிப்ரவரி ஆரஞ்சு, மார்ச் மஞ்சள், ஏப்ரல் பச்சை. மே மாதத்துக்கு நீலத்தில் பச்சை ஒரே ஒரு சொட்டுதான் விட்டேன். உன் சுவரில் ஒட்டிக்கொள்.

இப்போதெல்லாம் குழாயைக் காய்ச்சினால் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை பொங்கி விளக்கையே அணைத்துவிடுகிறது. முதலாளி, "உள்ள என்ன, சலவைக்கடை நடத்துறீங்களா"ன்னு கேட்டார். இன்னொரு அதிசயம், என் பழைய ஷூ சிறிதாகிவிட்டது. நாற்பத்தாறு வயதில் நான் இன்னும் வளர்கிறேன் போலிருக்கிறது. ஒரு சைஸ் பெரிதாக வாங்கியாயிற்று.

ஒன்று கேட்க வேண்டும். கடைக்குப் பக்கத்து டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு ஒரு தடவை, கூடவே சிறுநீரகத்துக்கும் ஏதோ பார்க்கணுமாம். அரை நாள் போய்விடும். கலக்க வேறு ஆள் இல்லை. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். டாக்டரைவிட எனக்கு நீதான் பெரிய டாக்டர்.

நண்டு

ஜூன் 8

என் செல்லத் தம்பிக்கு,

கடிதம் கையில் கிடைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாலு காகிதத்தையும் வரிசையாக ஒட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். செங்கலில் ஆரம்பித்து எங்கே வந்து நிற்கிறது பார். பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஏன் அழறீங்க?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் காய்ச்சிய கடைசிக் குழாய் என்ன நிறம் என்று உனக்குத் தெரியாது, நான் பார்த்தேன். அதனால்தான் அழுகை, வேறொன்றும் இல்லை. பிறகு அவளுக்கு உன் மதிப்பெண் அட்டைக் கதையைச் சொன்னேன், இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ரத்தப் பரிசோதனைக்கு இப்போது என்ன அவசரம்? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? நிறம்தான் கண் முன்னால் இருக்கிறதே. சீசன் முடியட்டும், நிதானமாகப் போய்க்கொள்ளலாம். டாக்டர்கள் அப்படித்தான், ஒன்று கேட்டால் நாலு எழுதித் தருவார்கள்.

உன்னை நடக்கச் சொன்னேனே தவிர, காலை வளர்க்கச் சொல்லவில்லை. நுரை வந்தால் குழாயைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகக் காய்ச்சு.

அடுத்தது சுத்த நீலம்தான். அதற்கு இடம் இருக்கிறது.

அக்கா

செப்டம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். நீ?

நீ கேட்டது இதோ. சுத்த நீலம். பச்சை ஒரு சொட்டுகூட இல்லை. எனக்கே நம்பிக்கை வராமல் மூன்று தடவை காய்ச்சிப் பார்த்தேன்.

பசி அவ்வளவாக இல்லை, அதனால் வாயைக் கட்டுவது சிரமமாகவும் இல்லை. சோற்றைப் பார்த்தாலே போதும் என்றிருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாய வாசனையாக இருக்கும். மேல் தட்டு டப்பாக்களை இப்போது வேறொருவர்தான் எடுத்துக் கொடுக்கிறார். நான் உட்கார்ந்தே கலக்குகிறேன், மகாராஜா மாதிரி.

காகிதத்தை ஒட்டிவிட்டு எழுது. நீ எழுதுவது படிக்க நன்றாக இருக்கிறது.

நண்டு

அக்டோபர் 4

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலத்தைக் கேட்டு எழுத வேண்டிய கடிதம்தான், ஆனால் எனக்குக் கை ஓடவில்லை.

உங்கள் தம்பி போன வாரம் கடையில் மயங்கி விழுந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுபோய்விட்டன என்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை நானூற்றுக்கு மேல். பத்து வருஷமாகவே இருந்திருக்கும், யாரும் பார்க்கவில்லை என்றார்கள். மெஷினில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். இதுவரை இரண்டு தடவை ஆகியிருக்கிறது.

கால் இரண்டும் கோடையிலிருந்தே வீங்கியிருக்கிறது. வீட்டிலும் சாக்ஸைக் கழற்ற மாட்டார். கேட்டால், "தரை ஜில்லுனு இருக்கு" என்பார். நானும் விட்டுவிட்டேன். இங்கே டாக்டர்தான் கத்தரித்துக் கழற்றினார்.

"இவ்வளவு நாளா ரத்தம் ஏன் பாக்கல?" என்று டாக்டர் கேட்டார். "எங்க அக்கா லேப்ல இருக்காங்க, அவங்க பாத்துட்டுதான் இருக்காங்க" என்று இவர் சொன்னார். டாக்டர் அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார்.

வர முடிந்தால் வாருங்கள்.

உங்கள் தம்பி மனைவி

அக்டோபர் 13

தம்பிக்கு,

லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் பாஸ்போர்ட்டை வேலை இடத்தில் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அதைத் தர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை என்னால் சும்மா இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

சிறுநீரில் சர்க்கரையே இல்லை, ரத்தத்தில் நானூறு. இது எப்படி? நீ எனக்குச் சுத்த நீலம் அனுப்பி நாலு வாரம்கூட ஆகவில்லை. உன் கை என்ன கை என்று எனக்குத் தெரியாதா? நாற்பதை எழுபதாக்கினவன்தானே. அக்கா சந்தோஷப்படுகிறாள் என்று வேண்டிய நிறத்தைக் கலந்து அனுப்பிவிட்டாய். நான் அதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு ஊரையே கூப்பிட்டுக் காட்டினேன்.

பன்னிரண்டு வயதில் ஏமாற்றினாய், மன்னித்தேன். இதை எப்படி மன்னிப்பேன் என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

அக்டோபர் 24

அக்காவுக்கு,

நலமா? படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணல்.

ஷூ சிறிதாகிவிட்டது என்று எழுதியது பொய். கால் வீங்கினது எனக்குத் தெரியும். சாய வாசனையால் மூச்சு வாங்குகிறது என்பதும் பொய். எல்லாரும் நலம் என்று எழுதியதும் பொய்.

நிறம் பொய் இல்லை, அக்கா. குழாயில் என்ன இருந்ததோ அதைத்தான் கலந்தேன்.

நண்டு

நவம்பர் 5

என் தம்பிக்கு,

உன் நாலு வரியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பெரிய டாக்டரிடம் போனேன். சுவரில் இருந்த எல்லாக் காகிதத்தையும் உரித்து எடுத்துக்கொண்டு போனேன். வரிசையாக மேஜையில் வைத்தேன். அவர் நீலத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நுரை வருதுன்னு எழுதினாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கால் வீக்கம்?" அதையும் ஷூ என்று எழுதியிருந்தாயே, நான்தான் கிண்டல் செய்தேன்.

அவர் சொல்லித் தர வேண்டிய அவசியமே இல்லை. எனக்குத் தெரியும், நண்டு. லேபுக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு நானே சொல்லித் தருகிற பாடம் இது. சிறுநீரகம் கெடக் கெட, வடிகட்டுவது குறைந்துவிடும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் சிறுநீருக்கு வராமலே போகலாம். குழாய் நீலமாக நிற்கும். அணையிலிருந்து வழியவில்லை என்றால் அணை காலி என்று அர்த்தமில்லை. நுரை வந்தால் புரதம் போகிறது, உடனே பார்க்க வேண்டும். மற்றவர்களுடைய குழாய் என்றால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். உன்னுடையது என்றதும் எனக்கு வேண்டியது நீலம் மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

நீ உள்ளதை உள்ளபடி கலந்து அனுப்பினாய். தப்பாகப் படித்தவள் நான். ரத்தம் பார்க்கட்டுமா என்று நீ கேட்டாய். அவசரம் என்ன என்று எழுதியது இந்தக் கை. உன்னைப் பொய்யன் என்று எழுதியதும் இதே கைதான்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை, கேட்கிறேன். பாஸ்போர்ட்டை இருபதாம் தேதிதான் தருவோம் என்று இப்போது சொல்கிறார்கள். வந்து உன் பக்கத்தில் உட்காருகிறேன். அதுவரை மெஷினுக்கு அடங்கி நட.

உன் அக்கா

நவம்பர் 18

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். பதினோராம் தேதி காலை ஒன்பது மணிக்கு முடிந்துவிட்டது. பன்னிரண்டாவது தடவை மெஷினில் வைத்தபோது இதயம் தாங்கவில்லை. அதிகம் கஷ்டப்படவில்லை என்று டாக்டர் சொன்னார். அது என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதாக இருக்கலாம்.

நேற்று உங்கள் கடிதம் ஒன்று அவர் பெயருக்கு வந்தது. நான் பிரிக்கவில்லை. அவருக்கு எழுதியது, அதைப் படிக்க எனக்கு உரிமை இல்லை. ஒட்டினது ஒட்டினபடியே இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் மேல் வருத்தம் எதுவும் இல்லை என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். அது அவர் சொன்னது. ஜூன் மாதம் நீங்கள் எழுதியதை அவர் எனக்குப் படித்துக் காட்டியது என் காதிலேயே இருக்கிறது. "ரத்தம் பாக்க அக்காவே வேணாம்னுட்டா, பாரு" என்று சந்தோஷமாகச் சொன்னார். என் மனசு இன்னும் அவர் அளவுக்கு வரவில்லை. வரும் என்று நினைக்கிறேன்.

கடை முதலாளி வந்திருந்தார். கடையின் நிறப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார். கஸ்டமர் பெயர் ‘அக்கா’ என்று ஆறு இடத்தில் இருக்கிறது. கிழித்துத் தர முடியாது, கடைப் புத்தகம் என்றார். அதனால் இரண்டை மட்டும் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன்.

மே 27. நீலம் பன்னிரண்டு சொட்டு, பச்சை ஒன்று. உங்கள் ஜூன் கடிதம் வந்த பிறகு அவர் நிரப்பிய கஸ்டமர் சொன்னது: "இரண்டு பக்கம் எழுதியிருக்கா. வயிறு வலிக்கச் சிரிச்சாளாம். நாலு வருஷம் சிரிக்காம இருந்தவ. காலைப் பத்தி இப்ப எழுத வேணாம்."

செப்டம்பர் 16. நீலம் பதிமூன்று. மூன்று தடவை சரிபார்த்தது. கஸ்டமர் சொன்னது என்கிற கட்டத்தில் ஒன்றும் இல்லை. உங்கள் பதில் வருவதற்குள் அவர் விழுந்துவிட்டார்.

அந்தப் பக்கத்தை முடித்துவிடலாமா என்று முதலாளி கேட்டார். அண்ணி வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் மூட்டுக்கு இங்கே மாடி ஒத்துக்கொள்ளாது, கீழ் அறையில் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். என் மனசு எப்படி இருந்தாலும் நீங்கள் வாருங்கள். வந்து அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியதை நீங்களே எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி